ஏழூர் நடை: திருவையாற்றைச் சுற்றி ஊர் விட்டு ஊர் நடக்க விரும்பும் புதியவர்களுக்கு

சித்திரை மாதத்தில் திருவையாற்று ஐயாறப்பர் பல்லக்கில் புறப்பட்டு, அக்கம்பக்கத்து ஆறு ஊர்களுக்கும் போய்விட்டு மறுநாள் வீடு திரும்புகிறார். ஏழூர்த் திருவிழா என்றும் சப்தஸ்தானம் என்றும் இதைச் சொல்வார்கள். நந்திதேவருக்கும் சுயசைக்கும் திருமழபாடியில் பங்குனியில் திருமணம் நடக்கிறது. அதன் பிறகு ஐயாறப்பர் மணமக்களை அழைத்துக்கொண்டு சுற்றத்தாரின் ஊர்களுக்குப் போவதாக ஐதிகம். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு நடப்பவரின் கண்ணால் பார்த்தால், ஏழு பக்கத்து ஊர்களைக் கால்நடையாகவே இணைக்கும் ஒரு வழி பல தலைமுறைக் கால்களால் சோதிக்கப்பட்டு நம் கையில் இருக்கிறது என்று பொருள். விழாவன்று கூட்டத்தோடு நடக்க எவருடைய வழிகாட்டுதலும் தேவையில்லை. முன்னால் போகிறவரைப் பின்தொடர்ந்தால் போதும். மற்ற நாட்களில் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ நடக்க நினைப்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

சுற்று முழுவதும் சுமார் 20 கிலோமீட்டர். பாலம் தேடிச் சுற்றினால் இன்னும் கூடும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர்தான் இருக்கும். தூரத்தைப் பார்த்து இதை எளிது என்று நினைப்பவர்களே அதிகம். காவிரிப் படுகையில் நடையைத் தீர்மானிப்பது தூரமன்று, எந்த இடத்தில் எந்த ஆற்றை எப்படிக் கடக்கப்போகிறோம் என்பதுதான். கீழே வரும் படிகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் தண்ணீரைப் பற்றியவையாகவே இருப்பதற்கு அதுவே காரணம்.

முதல் படி: ஏழு ஊர்களையும் மனத்தில் வரைந்துகொள்வது

ஒரு தாளில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கோடு இழுங்கள்; அதுதான் காவிரி. கோட்டுக்கு மேலே, அதாவது வடகரையில், நடுவில் திருவையாற்றையும் அதற்குக் கிழக்கே கும்பகோணம் சாலையில் திருப்பழனத்தையும் மேற்கே கல்லணைச் சாலையில் திருநெய்த்தானத்தையும் குறியுங்கள். திருநெய்த்தானம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. தில்லைஸ்தானம் என்பதுதான் இன்றைய வழக்கு. கோட்டுக்குக் கீழே, தென்கரைப் பக்கத்தில், தஞ்சாவூர் சாலையில் திருக்கண்டியூர், அதற்கு மேற்கே திருக்காட்டுப்பள்ளி சாலையில் திருப்பூந்துருத்தி, கண்டியூருக்குக் கிழக்குப் பக்கத்தில் திருவேதிகுடி, அதையும் தாண்டித் திருச்சோற்றுத்துறை.

பல்லக்கு போகும் வரிசை இது: திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம், மீண்டும் திருவையாறு. தாளில் இந்த வரிசையை விரலால் தொடர்ந்து பாருங்கள். கோயிலை வலம் வருவதைப் போல ஆற்றின் இரு கரைகளையுமே வலம் வந்துவிடுகிறோம். வடக்கிலிருந்து தெற்கே ஒரு முறை, தெற்கிலிருந்து வடக்கே ஒரு முறை என்று காவிரியை இரண்டு முறை கடக்கிறோம் என்பதையும் அதே விரல் காட்டிவிடும்.

ஊர்ப்பெயர்களும் உதவுகின்றன. துறை என்றால் ஆற்றில் இறங்கும் இடம். துருத்தி என்றால் ஆறுகளுக்கு இடைப்பட்ட திட்டு. பழனம் என்றால் வயல். சோற்றுத்துறையிலும் பூந்துருத்தியிலும் நீர் குறுக்கிடும் என்று அந்த ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்கள் நமக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் படி: மாதத்தைத் தேர்வு செய்வது

மேட்டூர் அணையிலிருந்து பாசனத்திற்கு ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பதும் ஜனவரி 28 அன்று நிறுத்துவதும் மரபான நாட்காட்டி. நீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளும் உண்டு, முந்தும் ஆண்டுகளும் உண்டு. திறந்த தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, மிகுதியாக வந்தால் கொள்ளிடத்துக்கும் திருப்பிவிடப்படுகிறது. ஆகவே ஜூன் இறுதியிலிருந்து ஜனவரி வரை ஆற்றில் இறங்கிக் கடக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பருவமழையும் சேர்ந்துகொள்ளும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வயல் வழிகளும் உதவா. அந்தக் களிமண் செருப்பில் அப்பிக்கொண்டால் ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடியது போல இருக்கும்.

என் கணக்கில் இதற்கு உகந்த காலம் பிப்ரவரியின் முதல் வாரம் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரைதான். சம்பா அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். வாய்க்கால் கரைகள் காய்ந்து இறுகியிருக்கும். விடியற்காலையில் பனிகூட இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஆறு வறண்டு கிடந்தாலும் காலை 10 மணிக்குப் பிறகு மணலில் கால் வைக்க முடியாது.

ஆண்டின் எந்த நாளானாலும் ஒன்றை மறக்க வேண்டாம். ஓர் ஆறு வறண்டிருப்பதால் அடுத்ததும் வறண்டிருக்கும் என்று கொள்ளக்கூடாது. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வரும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறது. குடமுருட்டி திருக்காட்டுப்பள்ளி அருகே காவிரியிலிருந்து பிரிவது. வெட்டாறும் வடவாறும் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிபவை. நீர் குறைவான ஆண்டுகளில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுவார்கள். நேற்று மணலாகக் கிடந்த ஆறு இன்று காலை முழங்கால் அளவு ஓடுவதற்கு அதுவே காரணம்.

மூன்றாம் படி: சிறு துண்டிலிருந்து தொடங்குவது

ஒரே நாளில் ஏழூரையும் முடிக்க வேண்டும் என்ற ஆசையோடு வருபவர்கள் பெரும்பாலும் நான்காவது ஊரில் பேருந்து ஏறிவிடுகிறார்கள். முதல் நடையாகத் திருவையாற்றிலிருந்து தில்லைஸ்தானத்துக்குப் போய் வாருங்கள். இரண்டும் வடகரையிலேயே இருப்பதால் கடக்க ஆறு இல்லை. போகவர நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடலாம். செருப்பு கடிக்கிறதா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறோம், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பவை அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவதாகத் திருவையாற்றிலிருந்து கண்டியூர் வரை நடக்கலாம். காவிரிப் பாலமும் குடமுருட்டிப் பாலமும் வழியில் வரும். போக்குவரத்து மிகுந்த சாலை என்பதால் நடை இன்பமாக இராது. ஆனால் பாலத்தின் நடுவில் ஐந்து நிமிடம் நின்று இரு பக்கமும் பாருங்கள். எந்தக் கரையில் பாதை தெரிகிறது, மணலில் கால்தடங்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று அங்கிருந்தே கண்டுகொள்ளலாம். பின்னால் நடக்கப்போகும் வழிகளுக்கு அந்த ஐந்து நிமிடம் எந்த வரைபடத்தையும் விட அதிகம் உதவும்.

மூன்றாவது துண்டு கண்டியூர், திருவேதிகுடி, திருச்சோற்றுத்துறை. ஏழூர்ச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெருஞ்சாலையை விட்டு விலகிய கிராமச் சாலைகள். இரு பக்கமும் வயல், தென்னை, வாழை. ஒரு வாய்க்கால் சாலையோடு சற்றுத் தூரம் கூடவே வந்து, மதகு ஒன்றில் நுழைந்து மறுபக்கம் போய்விடும். கண்டியூரிலிருந்து மேற்கே பூந்துருத்திக்குப் போவது இதைவிட நேரான வேலை, சாலையைப் பிடித்தால் போதும். அப்பர் மடம் அமைத்துத் தங்கிய ஊர் அது. அங்கே கோயிலில் நந்தி நேர்க்கோட்டிலிருந்து சற்று விலகியிருப்பதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

திருப்பழனத்திலிருந்து சோற்றுத்துறைக்கும் பூந்துருத்தியிலிருந்து தில்லைஸ்தானத்துக்கும் போகும் இரண்டு ஆற்றுக் கடப்புகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வரைபடங்களை ஒப்பிடுவது

கைப்பேசியில் கூகுள் மேப்ஸ் காட்டும் நடைவழி பெரும்பாலும் தார்ச்சாலையையே பிடிக்கும், ஏனெனில் கரைப்பாதைகளும் வண்டிப்பாதைகளும் அதற்கு முழுதாகத் தெரியா. செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிப் பார்த்தால் வயல்களுக்கு நடுவே வெளிறிய கோடுகள் தெரியும். அவற்றில் வளைந்து வளைந்து போவது வாய்க்கால் கரையாகவும், சற்று அகலமாகவும் இரு தடங்களோடும் இருப்பது டிராக்டர் போகும் வழியாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். பயனர்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தாள்களை அத்துறையின் இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாகத் தரவிறக்கலாம். அவற்றில் 2 சென்டிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். ஆறும் வாய்க்காலும் கரையும் கோயிலும் அவற்றில் தெளிவாக இருக்கும், புதிய சாலைகள் சில விடுபட்டிருக்கலாம். குறிப்பிட்ட ஒரு பாதை பொதுவழியா தனியார் நிலமா என்ற ஐயம் வந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தைப் பாருங்கள். வண்டிப்பாதை, வாய்க்கால், புறம்போக்கு எல்லாம் புல எண்ணோடு அதில் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு வேலி வழியை மறிக்கும் இடத்தில் மட்டும் செய்தால் போதும்.

நேரக் கணக்கைக் கைப்பேசியிடம் விடாதீர்கள். அது மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் என்று கணக்கிடும். வெயில், கேள்வி கேட்கும் பெரியவர்கள், டீக்கடை எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே சரி.

ஐந்தாம் படி: ஆற்றைக் கடப்பது

இதில் மட்டும் அவசரமே கூடாது. விழாப் பல்லக்கு காவிரி மணலில் இறங்கிப் போகிறது என்றால், சித்திரையில் ஆறு வறண்டிருக்கும் என்ற நம்பிக்கையில், தோள்கொடுப்பவர்கள் வழியை நன்கு பார்த்த பிறகே போகிறது. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல் முறை திருப்பழனத்திலிருந்து சோற்றுத்துறைக்குக் கிளம்பியபோது வரைபடத்தில் நேர்க்கோடு சிறியதாகத் தெரிந்ததால், கரையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். ஆகஸ்ட் மாதம். கரையேறியதும் காவிரி இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, “அக்கரைக்கா? பாலத்துக்குத் திரும்பிப் போங்க தம்பி” என்று சொல்லிவிட்டு மறுபடி துவைக்கத் தொடங்கினார். பேருந்தில் திருவையாறு வந்து, கண்டியூர் வழியாகச் சோற்றுத்துறை சேர்ந்தபோது கோயில் நடை சாத்தியிருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இது. புறப்படுவதற்கு முதல் நாளே அந்தக் கரையில் குடியிருக்கும் ஒருவரிடமோ டீக்கடையிலோ ஆற்றில் தண்ணீர் வருகிறதா, வரப்போவதாகச் சொன்னார்களா என்று கேட்கிறேன். கரைக்கு வந்ததும் ஆடுமாடு கடக்கிறதா, இருசக்கர வண்டியின் தடம் மணலில் புதிதாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். தடம் இருந்தால் அதன் மேலேயே நடக்கிறேன், குறுக்குவழி தேடுவதில்லை. ஏனெனில் மணல் அள்ளிய பள்ளங்கள் சிறிதளவு நீர் தேங்கினாலும் வெளியே தெரியாமல் மறைந்துவிடும்; முழங்கால் ஆழம் என்று இறங்கும் இடம் ஆளை மூழ்கடிக்கும் ஆழமாக இருக்கும். நாணல் அடர்ந்த ஓரங்களில் ஈரமணல் காலை உள்ளே வாங்கும்.

ஓடும் நீரில் கணுக்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். நீந்தத் தெரியும் என்பது இங்கே காரணமாகாது. திரும்பும்போது மனம் சோரும் என்பதால்தான் புறப்படும் முன்பே பாலம் வழியான மாற்றுவழியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பாலம் வழியாகப் போனாலும் அது ஏழூர் நடைதான், குறைந்துவிடாது. சோற்றுத்துறைப் பக்கம் போகக் காவிரியோடு குடமுருட்டியும் குறுக்கே வரும் என்பதால் ஒன்றைக் கடந்துவிட்ட மகிழ்ச்சியில் மற்றதை மறக்க வேண்டாம்.

ஆறாம் படி: கரையிலும் வரப்பிலும் நடப்பது

ஆற்றங்கரையும் பெரிய வாய்க்கால் கரையும் பொதுவாக நடப்பதற்குத் தடையற்றவை. வரப்பு அப்படியல்ல, அது ஒருவர் நிலத்துக்கும் அடுத்தவர் நிலத்துக்கும் எல்லை, நீரைத் தேக்கும் அணை. வரப்பின் ஓரம் சரிந்தால் ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். அதைச் சரிசெய்ய ஒருவர் மண்வெட்டியோடு வர வேண்டும். வேறு வழி இல்லாதபோது மட்டும், அங்கே வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக நடுவில் கால் வைத்து நடங்கள்.

பிப்ரவரியில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. அறுவடை முடிந்து தாள்கள் மட்டும் நிற்கும் வயலைப் பார்த்து, வெறும் நிலம்தானே என்று குறுக்கே நடந்துவிடுவார்கள். குனிந்து பாருங்கள்: நெல் தாள்களுக்கு இடையே இரண்டு இலை விட்ட சிறு செடிகள் தெரியும். அது உளுந்து அல்லது பயறு. நெல்லை அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் விதையைத் தெளித்துவிடுவது இந்தப் பகுதி வழக்கம். நாம் வெறும் தரை என்று மிதிப்பது ஒருவருடைய அடுத்த வெள்ளாமை.

பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இங்கே உண்டு. வைக்கோல் போரின் அருகிலும் புல் மூடிய கரையிலும் கையில் கோலோடு, தரையைத் தட்டி, மெதுவாக நடந்தால் பெரும்பாலும் அவையே விலகிவிடும். இருட்டில் கரைப்பாதை வேண்டவே வேண்டாம். கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ செய்யாமல், கடிபட்டவரை நடக்க விடாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உண்மையில் பாம்பை விட என்னை அதிகம் நிறுத்தியவை நாய்கள்தான். ஓடாமல், கோலை ஓங்காமல், நின்று பேசினால் வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டுக்கொள்வார்.

கும்பகோணம் சாலை போன்ற தார்ச்சாலைகளில் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள்.

ஏழாம் படி: வழி கேட்பது

“சோற்றுத்துறைக்கு எப்படிப் போகணும்?” என்று கேட்டால் பேருந்து எண்ணைத்தான் சொல்வார்கள். “நடந்து போக வழி இருக்கா? மாடு ஓட்டிப் போறவங்க எந்தப் பக்கமாப் போவாங்க?” என்று கேளுங்கள், விடையே மாறிவிடும். களை எடுக்கப் போகும் பெண்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் தெரிந்த அளவுக்குக் குறுக்குவழி வேறு எவருக்கும் தெரியாது. விடை எப்போதும் மதகு, கரை, வேம்பு, அய்யனார் கோயில் என்ற அடையாளங்களில்தான் வரும், இடம் வலம் என்று வராது. சொல்பவரையே கையை நீட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். “இந்தா, கூப்பிடு தூரந்தான்” என்பதற்கு 10 நிமிடமும் பொருள், 40 நிமிடமும் பொருள். ஒருவர் சொன்னதை அரைக் கிலோமீட்டரில் இன்னொருவரிடம் உறுதிசெய்வது மரியாதைக் குறைவு அன்று.

எட்டாம் படி: பையும் பொழுதும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, உப்பு சேர்த்த மோர் ஒரு புட்டி, மாற்று மின்கலம், கொஞ்சம் சில்லறை. வாரிட்ட செருப்பே போதும். கோயில்தோறும் கழற்ற வேண்டியிருப்பதால் கயிறு கட்டும் காலணி தொல்லை. நண்பகல் 12 மணி வாக்கில் கோயில்களைச் சாத்திவிட்டு மாலை 4 மணிக்குத் திறப்பது வழக்கம் என்பதால், காலை 6 மணிக்குத் திருவையாற்றில் தொடங்கி, 11 மணிக்குள் மூன்று ஊர்களை முடித்து, நிழலில் படுத்துவிட்டு, மாலையில் தொடர்வது உடம்புக்கும் நல்லது, தரிசனத்துக்கும் நல்லது. சிறிய கோயில்களில் கதவு பூட்டியிருந்தால் குருக்கள் வீடு எது என்று கேளுங்கள், அநேகமாக அதே தெருவில் இருக்கும். திருவையாற்றுக் கடைகளில் பாசிப்பருப்பில் செய்யும் அசோகா கிடைக்கும்; அதை நடை முடிந்த பிறகு வாங்குவதே அறிவு, நெய் பையெல்லாம் வடிந்துவிடும்.

ஒன்பதாம் படி: அடுத்தவருக்காகக் குறித்து வைப்பது

நடந்த வழியைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்து, விடுபட்ட கரைப்பாதைகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்துவிடலாம். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம். ஒருவருடைய வயல் வரப்பை மட்டும் பாதை என்று சேர்த்துவிடாதீர்கள். கோட்டை விடக் குறிப்பு முக்கியம். என் குறிப்பேட்டில் உள்ள ஒரு பதிவு இப்படி இருக்கிறது: “பிப்ரவரி, மூன்றாம் வாரம், காலை 7.10. வேதிகுடி தாண்டி இரண்டாவது மதகு. இடப்பக்கக் கரை நல்ல கரை, வலப்பக்கம் முள். இருநூறு அடியில் கரை உடைந்திருக்கிறது, தென்னை மரத்தைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள், ஆள் போகலாம், சைக்கிள் போகாது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை.” தேதியும் தண்ணீரும் இல்லாத குறிப்பு இங்கே பயன்படாது. ஜூனில் மேட்டூர் திறந்த செய்தி வந்ததும் அதே பதிவின் கீழ், “ஆறு ஓடுகிறது, கண்டியூர்ப் பாலம் வழியாகப் போகவும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.